பதினாறு கோடி ஊசியும் மலைமேல் பிறக்கும் பிள்ளையும்



கொடைக்கானலிலிருந்து இறங்கிவரும் சாலை, பழநிக்கு ஒன்றும் வத்தலக்குண்டுக்கு ஒன்றுமாகப் பிரிகிற இடம் பெருமாள்மலை. காபிக்கொட்டையும் மலைவாழையும் பேரிக்காயும் பிளம்ஸும் பட்டர் புரூட்டும் லாரி ஏறுகிற ஊர். அங்கே பழ வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் சில நாட்களுக்கு முன் தம் செல்போனை நம்மிடம் நீட்டினார். மூக்கில் குழாய் சொருகப்பட்ட ஒரு கைக்குழந்தையின் படம். கீழே ஒரு வங்கிக் கணக்கு எண். "உயிர் காக்க 16 கோடி தேவை, பகிருங்கள்" என்று ஒரு வேண்டுகோள்.

"பாய், இது நெசமா? ஒரே ஒரு ஊசி பதினாறு கோடியா? நெசம்னா இந்த ஜும்ஆவுலயே சொல்லி வசூல் பண்ணிடலாம். பொய்னா இப்பவே அழிச்சிடுறேன்" என்றார்.

ஊசி நிஜம். விலையும் நிஜம். ஆனால் அந்தச் செய்தி நிஜமா என்று நம்மால் சொல்ல முடியவில்லை. படத்தில் இருந்த குழந்தை எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. அவருக்கு அந்த இடத்தில் நாம் சொன்ன பதில் இவ்வளவுதான். ஊர் திரும்பிய பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் கேட்காமல் விட்ட கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. செல்போனில் படம் வராத குழந்தையின் கதி என்ன? பெருமாள்மலையில், பெத்துப்பாறையில், அடுக்கத்தில், தோட்டக் கூலியின் குடிசையில் இந்த நோயோடு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு யார் வசூல் செய்வார்கள்?

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். ஆங்கில வைத்தியத்தில் ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி, சுருக்கமாக எஸ்.எம்.ஏ. தமிழில் முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய் என்கிறார்கள். தோட்டத்தில் மோட்டார் பம்பு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர்தான் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிறது. முதுகுத்தண்டிலிருந்து கைக்கும் காலுக்கும் நெஞ்சுக்கும் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் சாகின்றன. கட்டளை வராத தசை மெலிந்து சுருங்குகிறது. மூச்சு இழுப்பதும் பால் விழுங்குவதும் தசை செய்யும் வேலைதானே? அதுவும் நின்றுபோகிறது.

கடுமையான முதல் வகையில், பிறந்து ஆறு மாதத்துக்குள் அறிகுறி தெரிந்துவிடும். பிள்ளை துணிப்பொம்மை போலத் தொய்ந்து கிடக்கும். கழுத்து நிற்காது. தவளைக் கால் போல இரு கால்களும் விரிந்தே கிடக்கும். அழுகைச் சத்தம் மெலிந்திருக்கும். மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கி வயிறு மட்டும் ஏறி இறங்கும். ஆனால் முகத்தைப் பாருங்கள். கண் துறுதுறுவென்று எல்லாவற்றையும் கவனிக்கும், தாயைப் பார்த்துச் சிரிக்கும். அறிவில் ஒரு குறையும் இல்லை. மருந்து கிடைக்காவிட்டால் இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகின்றன, அல்லது மூச்சு இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கின்றன. அடுத்த வகைகளில் பிள்ளை உட்காரும், சிலது நடக்கவும் செய்யும்; பிறகு கொஞ்சங்கொஞ்சமாகச் சக்தி இழந்து சக்கர நாற்காலிக்கு வரும்.

காரணம் 5ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு. 1995ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர் ஜுடித் மெல்கியின் குழு அதைக் கண்டுபிடித்தது. எஸ்.எம்.என். 1 என்று பெயர். நரம்பணு உயிரோடிருக்கத் தேவையான புரதத்தை அதுதான் தயாரிக்கிறது. இறைவனின் ஏற்பாட்டைப் பாருங்கள், பக்கத்திலேயே டூப்ளிகேட் சாவி போல எஸ்.எம்.என். 2 என்று இன்னொன்றும் இருக்கிறது. ஆனால் அந்தச் சாவி பூட்டைச் சரியாகத் திறப்பதில்லை; தேவையானதில் பத்தில் ஒரு பங்கு அளவே உருப்படியான புரதம் அதிலிருந்து கிடைக்கிறது. ஒரிஜினல் தொலைந்த குழந்தை இந்த டூப்ளிகேட்டை வைத்துத்தான் சில மாதங்களோ சில ஆண்டுகளோ ஓட்டுகிறது.

அந்த ஒரிஜினல் மரபணுவையே வெளியிலிருந்து கொண்டுபோய் வைப்பதுதான் ஜீன் சிகிச்சை. நோய் உண்டாக்காத ஒரு வைரஸை எடுத்து, அதன் உள்சரக்கைக் கொட்டிவிட்டு, நல்ல மரபணுவை ஏற்றி அனுப்புகிறார்கள். வைரஸ் இங்கே வெறும் லாரி. ஒரு மணி நேரம் டிரிப்ஸ் போல ரத்தத்தில் ஏற்றினால், லாரி நரம்பணுவின் வாசலுக்குப் போய்ச் சரக்கை இறக்குகிறது. சோல்ஜென்ஸ்மா என்ற பெயரில் வரும் இந்த மருந்துக்கு 2019 மே மாதம் அமெரிக்கா அனுமதி தந்தது, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. ஆயுளுக்கு ஒரு முறைதான் தர முடியும். அதன்பின் உடல் அந்த லாரியை அடையாளம் கண்டு மறித்துவிடும். கல்லீரலைத் தாக்கக்கூடியது என்பதால் கூடவே ஸ்டிராய்டு மருந்தும் ரத்தப் பரிசோதனைகளும் வேண்டும். 2022இல் ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும் இரண்டு குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்ததை மருந்துக் கம்பெனியே அறிவித்தது. வாட்ஸ்அப்பில் "ஊசி போட்டால் பிள்ளை எழுந்து ஓடும்" என்று வருவதை நம்பிவிடாதீர்கள். செத்துப்போன நரம்பணுவை இந்த ஊசி எழுப்பாது. மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்றும்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. நோய் வெளியே தெரியுமுன்பே, பிறந்த சில வாரங்களுக்குள் மருந்து பெற்ற 14 பிஞ்சுகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், 14 குழந்தைகளுமே 18 மாதத்துக்குள் தாமாக உட்கார்ந்தன. முதல் வகை நோய் வரக்கூடியவை என்று மரபணுக் கணக்கு சொன்ன குழந்தைகள் அவை! இதே மருந்தை ஒன்றரை வயதில், பணம் சேர்ந்த பிறகு பெறும் பிள்ளைக்கு அந்தப் பலன் கிடைப்பதில்லை.

இனி விலைக்கு வருவோம். 2019இல் சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி இதற்கு வைத்த விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். நம் நாட்டில் 16 கோடி என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது. இதைக் கண்டுபிடித்த சிறு நிறுவனத்தை நோவார்ட்டிஸ் 2018இல் 870 கோடி டாலர் கொடுத்து விலைக்கு வாங்கியது. போட்ட பணத்தை எடுக்க வேண்டாமா என்பது வியாபார நியாயம். வேடிக்கை என்னவென்றால், இதன் பின்னணி ஆராய்ச்சியில் பிரான்ஸ் நாட்டின் ஜெனத்தான் ஆய்வுக்கூடத்துக்கும் பங்கு உண்டு. அது தொலைக்காட்சி வழியே பொதுமக்கள் கொடுத்த நன்கொடையில் நடப்பது. ஏழை எளியவர் உண்டியல் காசில் ஆராய்ச்சி. அது மருந்தாகி வந்த பிறகு, வாங்குவதற்கு மீண்டும் உண்டியல்!

2020இல் அதே கம்பெனி இன்னொரு ஏற்பாடும் செய்தது. ஆண்டுக்கு 100 ஊசிவரை உலகெங்கும் இலவசமாகத் தருவது, யாருக்கு என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பது. கோவையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பெண் குழந்தைக்கு 2021இல் அப்படிக் குலுக்கலில் பெயர் விழுந்தது. டெல்லியில் ஊசி போடப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், நாம் மகிழ்ந்தோம். ஆனால் அந்தச் சுற்றில் பெயர் விழாத குழந்தைகளின் பெற்றோர் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார்கள்?

அதே 2021இல் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தில் ஒரு குழந்தைக்காகத் தமிழகமே கைகோத்தது. மத, சாதி வேறுபாடின்றிப் பணம் குவிந்தது. சுமார் 6 கோடி ரூபாய் இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. அண்டை மாநிலத்தில் கண்ணூர் மாவட்டம் மாட்டூலில், தானும் இதே நோயால் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு சிறுமி, தன் தம்பிக்கும் இந்த நிலை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அந்தக் குரலைக் கேட்டு ஒரு வாரத்துக்குள் தேவைக்கு மேல் பணம் வந்தது. மொத்தம் 46 கோடிக்கும் அதிகம்! வளைகுடாவில் கூலி வேலை செய்பவரின் நூறு ரூபாயும் அதில் இருந்தது. ஆனால் அதே மாதத்தில், அதே கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு 16 கோடியை ஒட்டிப் பணம் சேர்ந்திருந்த நிலையில் அந்தக் குழந்தை இறந்துபோனது. பணம் வந்து சேரும்வரை உயிர் காத்திருக்கவில்லை.

கொடுத்தவர்களைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. அந்த மனசு இல்லாவிட்டால் நாம் மனிதரே அல்ல. ஆனால் இந்த முறையில், நல்ல படம் எடுக்கத் தெரிந்த, ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த, பெரிய ஊரில் டாக்டரைப் பார்க்க முடிந்த குடும்பத்துக்கே வாய்ப்பு. பெருமாள்மலைக்கு மேலே ஒரு கூலித் தொழிலாளியின் குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை என்றால், "சளி, சத்துக் குறைவு, கொஞ்ச நாள் போனால் சரியாகும்" என்பதோடு முதல் மூன்று மாதம் போய்விடும். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு மலையிறங்க மூன்று மணி நேரம். அன்றைய கூலியும் போச்சு. மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. நோயின் பெயர் தெரியுமுன்பே குழந்தை நிமோனியாவில் போய்விடும். இறப்புக் கணக்கில் அது நிமோனியா. எஸ்.எம்.ஏ. என்று எங்கும் பதிவாகாது.

எத்தனை குழந்தைகள்? உலக அளவில் ஏறத்தாழ 10,000 பிறப்புக்கு ஒன்று என்கிறார்கள். தமிழகத்தில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அப்படியானால் ஆண்டுக்கு 80, 90 குழந்தைகள். ஒவ்வொன்றுக்கும் 16 கோடி வசூல் செய்வது நடக்கிற காரியமா? எந்த ஜமாஅத்தாலும் முடியாது, எந்தக் கட்சியாலும் முடியாது.

இங்கேதான் 2025இல் நடந்த ஒன்றை நம் வியாபாரிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பத்திரிகைகளில் வணிகப் பக்கத்தின் மூலையில் வந்து மறைந்த செய்தி அது.

ரிஸ்டிப்ளாம் என்று ஒரு மருந்து. சோல்ஜென்ஸ்மா போல ஜீன் சிகிச்சை அல்ல. தினமும் ஒரு வேளை வாய்வழியே குடிக்கும் திரவம். அந்த டூப்ளிகேட் சாவியைச் சரிசெய்து, அதிலிருந்தே கூடுதல் புரதம் வரவைக்கிறது. அமெரிக்காவில் 2020இல் அனுமதி, இந்தியாவுக்கு 2021இல் வந்தது. தயாரிப்பாளர் ரோஷ், அதுவும் சுவிட்சர்லாந்துக் கம்பெனிதான். ஒரு பாட்டில் விலை சுமார் 6 லட்சம் ரூபாய். 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு ஒரு பாட்டில் 12 நாளில் தீர்ந்துவிடும். ஆண்டுக்கு 30, 31 பாட்டில். கணக்குப் போடுங்கள், ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல். ஆயுள் முழுக்க!

இதே மருந்தை நாங்கள் தயாரிக்கிறோம் என்று ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனி முன்வந்தது. காப்புரிமை 2035வரை எங்களுடையது என்று ரோஷ் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நோயாளிகளும் வழக்கில் சேர்ந்து வாதாடினார்கள். இந்த மருந்துக்கான வழி கம்பெனியின் முந்தைய காப்புரிமையிலேயே இருக்கிறது, அதையே சற்று மாற்றிப் புதிது என்று இன்னொரு காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள் என்பது எதிர்வாதம். 2025 மார்ச்சில் தனி நீதிபதி தடை தர மறுத்தார். அக்டோபர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது. அக்டோபர் 17 அன்று சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது. மூல வழக்கு இதனால் முடிந்துவிடவில்லை என்றாலும் மருந்து கடைக்கு வந்துவிட்டது. நாட்கோ வைத்த விலை பாட்டிலுக்கு 15,900 ரூபாய்.

6 லட்சம் எங்கே, 15,900 எங்கே! சந்தையில் விலை பேசித் தேர்ந்த நம் சகோதரர்களே சொல்லட்டும்.

எட்டுக் கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்கு நாளொன்றுக்கு 1.6 மில்லிகிராம் தேவை. 60 மில்லிகிராம் பாட்டில் ஒன்று ஐந்து வாரத்துக்கு வரும். ஆண்டுக்குப் பத்துப் பாட்டில், 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அளவு. ஒரு சோல்ஜென்ஸ்மா ஊசியின் 16 கோடியில் இப்படி ஆயிரம் கைக்குழந்தைகளுக்கு ஓராண்டு மருந்து வாங்கலாம். தமிழகத்தில் ஓர் ஆண்டில் இந்த நோயோடு பிறக்கும் அத்தனை குழந்தைகளுக்கும் முதலாண்டுச் செலவு ஒன்றரைக் கோடிக்குள் அடங்கும். எடை கூடக் கூட மருந்து கூடும் என்பது உண்மை. 20 கிலோவைத் தாண்டினால் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தை நெருங்கும். ஆனால் அந்த அளவு அதற்கு மேல் ஏறாது. நிறுத்தாமல் வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும், குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்ற சிரமங்களும் உண்டு. ஒரே ஊசியில் முடிவதோடு ஒப்பிட்டால் இது குறைதான். ஆனால் கிடைக்காத ஊசியைவிடக் கிடைக்கிற மருந்து எத்தனையோ மேல்.

இப்படி ஒன்று நடப்பது நம் நாட்டில் புதிதல்ல. 1935இல் காஜா அப்துல் ஹமீது பம்பாயில் தொடங்கிய சிப்லா கம்பெனியை இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் மகன் யூசுஃப் ஹமீது 2001இல், மேலைநாட்டுக் கம்பெனிகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் மருந்தை, நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்று அறிவித்தார். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைக்க அது வழி திறந்தது. அதற்கு இடம் கொடுத்தது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். 2005இல் அது உலக வர்த்தக அமைப்புக்காகத் திருத்தப்பட்ட பிறகும் மிச்சமிருக்கும் சில பிரிவுகளே இன்றும் ஏழைக்குக் கேடயம். 2013இல் நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்து வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தக் கேடயத்தை உயர்த்திப் பிடித்தது. வெளிநாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் பேசப்படும்போதெல்லாம் இந்தப் பிரிவுகளின் மேல் ஒரு கண் விழுகிறது. காப்புரிமைச் சட்டம் ஏதோ வக்கீல்கள் சமாச்சாரம் என்று நம் இளைஞர்கள் ஒதுங்கிப் போகக்கூடாது.

சரி, அரசாங்கம் என்ன செய்கிறது?

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021 மார்ச்சில் வந்தது. 2022இல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய்வரை என்று உச்சவரம்பு வைத்தார்கள். குறிப்பிட்ட மையங்களில் பதிந்து பெற வேண்டும். தமிழகத்தில் அந்த மையம் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. 2021இல் சோல்ஜென்ஸ்மா இறக்குமதிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு வந்தது. 2023 ஏப்ரல் முதல் அரிய நோய் மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்கு வந்தது. இவற்றை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்துக்கு 50 லட்சம் என்று கோடு கிழித்தால், கோடு முடிந்த மறுநாள் நோயாளி என்ன செய்வார்? பழைய விலையில் அந்த 50 லட்சம் நான்கு மாதத்துக்குக்கூட வராது. அப்படித் தொகை தீர்ந்த கேரளப் பெண் ஒருவருக்கு மேற்கொண்டும் மருந்து கொடுங்கள் என்று கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு சும்மா இருந்ததா? சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் 2025 பிப்ரவரியில் தடை வாங்கியது! ஒரு நோயாளிப் பெண்ணுக்கு எதிராக ஓர் அரசாங்கம்.

இன்று நாட்கோ விலையில் அதே 50 லட்சம் பெரியவர் ஒருவருக்கே பத்தாண்டுக்கு வரும், குழந்தைக்கு இன்னும் நெடுங்காலம். ஆகவே "பணம் இல்லை" என்ற பழைய பல்லவி இனி செல்லாது. கேரள அரசு 2022 முதல் எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்கு இந்த மருந்தை, அதுவும் பழைய விலையில் வாங்கி, இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை இடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, வீட்டில் குடிக்கும் இந்த மருந்தையும் அதற்குள் கொண்டுவர என்ன தடை? கோட்டையில் யார் உட்கார்ந்திருந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

அதைவிட முக்கியமான கோரிக்கை, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்திலேயே இந்த நோயைச் சோதிப்பது. அமெரிக்கா 2018இல் இதைப் பிறப்புச் சோதனைப் பட்டியலில் சேர்த்தது. துருக்கி 2022 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்கிறது. தமிழகத்தில் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடப்பது ஏறக்குறைய நூற்றுக்கு நூறு என்று பெருமை பேசுகிறோமே, அந்தப் பெருமைக்கு இதைவிடப் பயன் ஏது? மலைமேல் கூலிக்காரன் பிள்ளைக்கும் சென்னையில் கோடீஸ்வரன் பிள்ளைக்கும் ஒரே சொட்டு ரத்தம். அந்த ஒரு சொட்டு கிடைத்தால், வசூலுக்குக் காத்திராமல் முதல் மாதத்திலேயே மருந்து தொடங்கலாம்.

ஜீன் சிகிச்சையே நமக்கு எட்டாக்கனி என்றும் யாரும் நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு அங்கேயே ஜீன் சிகிச்சையைத் தந்தார்கள். முடிவு 2024 டிசம்பரில் உலகின் முதன்மையான மருத்துவ ஏட்டில் வெளியானது. ஐவரில் ஒருவருக்கும் பிறகு ரத்தக்கசிவு வரவில்லை. நம் காட்பாடிக்குப் பக்கத்தில் நடந்தது இது! எஸ்.எம்.ஏ.வுக்கும் இங்கேயே மருந்து செய்ய அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்குள் கொஞ்சம் பார்ப்போம். கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த நோய் பிள்ளைக்கு வர வேண்டுமானால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு ஒவ்வொன்று வந்து சேர வேண்டும். ஒன்று மட்டும் உள்ளவருக்கு எந்த நோயும் இராது, தெரியவும் தெரியாது. உலகில் நாற்பது, ஐம்பது பேருக்கு ஒருவர் அப்படி இருக்கிறார். ஒரு பெரிய ஜும்ஆவின் முதல் சஃப்பில் நிற்பவர்களிலேயே ஒருவர் இருக்கலாம்! இருவருமே அப்படியிருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படியிருக்க, நோயுள்ள பிள்ளை பிறந்ததும் "மருமகள் வந்த நேரம்", "அவள் வயிற்று ராசி" என்று ஒரு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற கொடுமை இன்றும் நம் மஹல்லாக்களில் நடக்கிறதே, இது எந்த ஊர் நியாயம்? பாதி மரபணு மகன் கொடுத்தது.

நெருங்கிய உறவில் மணம் முடித்தால் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே பழுது இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவுக்குள் மணமுடித்தவர்கள். நம் சமுதாயம் மட்டும் அல்ல, தமிழகமே மாமு மகள், மாமி மகன் என்று வாழ்கிற பூமி. மார்க்கம் அனுமதித்ததை விலக்கச் சொல்ல நாம் யார்? உறவுக்கு வெளியே மணமுடித்தவர்களுக்கும் இந்த நோயுள்ள பிள்ளை பிறக்கத்தான் செய்கிறது. நாம் கேட்பது ஒரு ரத்தப் பரிசோதனை. சில ஆயிரம் ரூபாயில் முடிகிறது. கல்யாண மண்டபத்தின் விளக்கு அலங்காரத்துக்கு ஆகும் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது. சவூதி அரேபியா 2004 முதல் தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கு நிக்காஹுக்கு முன் சோதனையைக் கட்டாயமாக்கியது. துருக்கி 2021 இறுதியில் எஸ்.எம்.ஏ.வையும் திருமணத்துக்கு முந்தைய சோதனையில் சேர்த்தது. அங்கெல்லாம் யாரும் மார்க்கம் போய்விட்டது என்று கூப்பாடு போடவில்லை. குறிப்பாக, குடும்பத்தில் கழுத்து நிற்காமல் இறந்த பிள்ளை ஏதேனும் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். இருவருக்குமே இருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வது என்பது, மருத்துவரோடும் மார்க்க அறிஞரோடும் கலந்து அந்தக் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. எதுவும் இல்லாவிட்டாலும், பிள்ளை பிறந்த அன்றே மருந்துக்கு ஓட வழி தெரிந்திருக்கும்.

கடைசியாக, பெருமாள்மலைச் சகோதரரின் செல்போனுக்கு வருவோம். இப்படிச் செய்தி வந்தால் உடனே பணம் அனுப்பவும் வேண்டாம், உடனே அழிக்கவும் வேண்டாம். எந்த மருத்துவமனை, எந்தத் துறை என்று கேளுங்கள். மருத்துவமனைக்கு நீங்களே போன் போட்டு அப்படியொரு குழந்தை இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பணம் மருத்துவமனைக் கணக்குக்கோ, ஜமாஅத்தும் ஊர்ப் பெரியவர்களும் பொறுப்பேற்ற கணக்குக்கோ மட்டும் போகட்டும். படத்தைத் திருடித் தன் கணக்கு எண்ணை ஒட்டுகிற கயவர்கள் இருக்கிறார்கள். ஜகாத் பணத்தை இதற்குக் கொடுக்கலாமா என்பதை உங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; ஸதகாவுக்கு அந்தக் கேள்வியே இல்லை.

குழந்தைக்கு ரிஸ்டிப்ளாம் தொடங்கியாகிவிட்டதா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். "ஊசிக்குப் பணம் சேரட்டும்" என்று மருந்தில்லாமல் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கடைவீதி முழுவதும் சேர்ந்தால் 15,900 ரூபாய் பெரிதா? ஒரு பிள்ளைக்கு ஐந்து வாரம் அது. அந்த ஐந்து வாரத்துக்குள் எழும்பூரில் பெயர் பதிந்து, மத்திய அரசின் உதவிக்கு மனுப் போட்டுவிடலாம். கொடைக்கானல் மலையிலிருந்து சென்னைக்கு ஒரு தாயும் பிள்ளையும் போய்வரும் செலவையும், கூடப் போய் வரிசையில் நிற்க ஒரு படித்த இளைஞனையும் நம் கிளைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளை பளியர் வீட்டுப் பிள்ளையா, தோட்டக் கூலியின் பிள்ளையா, நம் பிள்ளையா என்று பார்க்க வேண்டாம்.

பிறந்த குழந்தைகளுக்கான சோதனை, காப்பீட்டில் மருந்து, 50 லட்சம் வரம்பை நீக்குதல் ஆகிய மூன்றையும் கேட்டுச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டிய மனுவின் மாதிரி அடுத்த இதழில் வரும், இன்ஷா அல்லாஹ். கிளை நிர்வாகிகள் அதைப் படியெடுத்து, தம் பகுதி அரசு டாக்டர் ஒருவரிடமும் காட்டிக் கையெழுத்துக் கேளுங்கள்.